தூக்கமின்மைக்கு மைண்ட்ஃபுல்னஸ் தியானம்: எங்கே பலன் தரும், எங்கே தராது

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்று யாரிடமாவது சொன்னால் இப்போதெல்லாம் இரண்டு யோசனைகள் உடனே வந்துவிடும். ஒன்று மாத்திரை, இன்னொன்று தியானம். "அஞ்சே நிமிஷத்தில் ஆழ்ந்த தூக்கம்" என்கிற பாணியில் யூடியூபில் தியானக் காணொலிகள் குவிந்து கிடக்கின்றன. மருத்துவ இதழ்களிலும் கடந்த பதினைந்து இருபது வருடங்களாக மைண்ட்ஃபுல்னஸ், அதாவது நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும், தியானத்தைத் தூக்கமின்மைக்குச் சிகிச்சையாகச் சோதித்த ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். காணொலிகள் தூக்கத்தை வரவழைத்துத் தருவதாகச் சொல்கின்றன. ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட முறையோ, தூக்கத்தை வரவழைக்கும் முயற்சியையே கைவிடச் சொல்லிக் கொடுக்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல் இறங்குபவர்கள் ஒரு வாரத்தில் "எனக்கெல்லாம் தியானம் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஏன் என்று விளங்க, தூக்கமின்மை என்ற நோயிலிருந்து தொடங்க வேண்டும்.

எது தூக்கமின்மை, எது இல்லை

பரீட்சைக்கு முந்தின நாள் தூக்கம் வராதது நோய் இல்லை. ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு எழுந்து கொட்டாவி விடுவதும் தூக்கமின்மை இல்லை, அது தூங்க நேரம் ஒதுக்காதது. மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்று சொல்ல நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

1. படுத்தும் தூக்கம் வராமை, நடுவில் விழித்து மறுபடி தூங்க முடியாமை, விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.
2. வாரத்தில் மூன்று இரவுகளாவது அப்படி நடக்க வேண்டும்.
3. மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.
4. தூங்க நேரமும் இடமும் இருந்தும் இப்படி நடக்க வேண்டும். அதனால் பகலில் களைப்பு, எரிச்சல், கவனச் சிதறல் என்று ஏதாவது பாதிப்பும் இருக்க வேண்டும்.

பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நான்கும் பொருந்தும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. எப்போதாவது தூக்கம் கெடுபவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது.

தூக்கம் எப்படி வருகிறது

1982-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்பது அவர் கருத்து. ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரக் கண் சொக்கும். காபி இந்த அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் தூக்கம் கலைகிறது. இரண்டாவது உடலுக்குள் ஓடும் இருபத்து நான்கு மணி நேரக் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இந்த இரண்டுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்று உண்டு: கிளர்ச்சி நிலை. பக்கத்தில் பாம்பு இருந்தால் எவ்வளவு அசதியாக இருந்தாலும் தூங்க முடியாது. ஆபத்து என்று மூளை முடிவுசெய்துவிட்டால் தூக்க அழுத்தமும் கடிகாரமும் பின்னுக்குப் போய்விடும். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தூங்கும் திறன் கெட்டுப்போவதில்லை. இந்தக் கிளர்ச்சி அடங்காததுதான் சிக்கல்.

மூன்று நாள் கோளாறு மூன்று வருடம் நீடிப்பது எப்படி

தூக்க மருத்துவத்தில் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் சகாக்களோடு வகுத்த ஒரு மாதிரி உண்டு. தூக்கமின்மைக்குப் பின்னால் மூன்று வகைக் காரணங்கள் இருப்பதாக அது சொல்கிறது.

1. முன்பே இருக்கும் சாய்வு. சிலர் இயல்பிலேயே லேசாகத் தூங்குபவர்கள், எதையும் மனதில் போட்டு உருட்டுபவர்கள்.
2. தூண்டிவிடும் நிகழ்வு. வேலை போவது, வீட்டில் ஒரு சாவு, பிரசவம், கடன்.
3. நீடிக்கவைக்கும் பழக்கங்கள். தூக்கம் கெட்டதைச் சரிசெய்ய நாமே செய்பவை.

கவனிக்க வேண்டியது மூன்றாவதைத்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் ஒருவர் பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பா குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் இவர் விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுக்கிறார், விடிந்த பிறகும் எட்டு மணி வரை படுக்கையை விடுவதில்லை, மதியம் ஒரு மணி நேரம் கண் அயர்கிறார். மூன்றுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. விளைவு என்ன? தூக்க அழுத்தம் சேரவே இடமில்லை. பதினொரு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார். மீதி நேரம் முழுக்கப் படுக்கையில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். சில வாரங்களில் மூளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: படுக்கை என்பது கவலைப்படும் இடம். சோபாவில் டிவி பார்த்தபடியே கண் செருகியவருக்கு, எழுந்து போய்க் கட்டிலில் படுத்த மறுநிமிடம் விழிப்பு தட்டுவது இதனால்தான்.

இந்தக் கட்டத்தில் முதலில் தூக்கத்தைக் கெடுத்த காரணம் போய்விட்டிருக்கும். தூக்கமின்மை மட்டும் தன் காலில் தானே நின்றுகொண்டிருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது

விழிப்பு வருகிறது. கை தானாகப் போனை எடுத்து மணி பார்க்கிறது: 2.10. உடனே ஒரு கணக்கு. இப்போது தூங்கினாலும் நாலு மணி நேரம்தான், ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும், பத்து மணிக்கு மீட்டிங். நேற்றும் இதே கதை. இப்படியே போனால் சுகர், பிரஷர் எல்லாம் வந்துவிடும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வருகிறது. "சரி, எதையும் யோசிக்கக் கூடாது, தூங்கு" என்று தனக்கே ஒரு உத்தரவு. மறுபடி மணி: 2.50.

இதில் இரண்டு அடுக்குகள் இருப்பதாக அமெரிக்க உளவியலாளர் ஜேசன் ஓங்கும் சகாக்களும் 2012-ல் எழுதினார்கள். முதல் அடுக்கு, மனதில் ஓடும் எண்ணங்கள்: மீட்டிங், கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம். இரண்டாவது அடுக்கு, தூக்கம் வராததைப் பற்றிய எண்ணங்கள்: எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம், தூங்காவிட்டால் நாளை பாழ் என்ற தீர்ப்பு, இதை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற முயற்சி. முதல் அடுக்கு எல்லோருக்கும் வரும். நன்றாகத் தூங்குபவர் அதோடு அப்படியே தூங்கிப்போவார். இரண்டாவது அடுக்குதான் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது.

பிரிட்டன் ஆய்வாளர் காலின் எஸ்பி வேறொரு வழியில் இதே இடத்துக்கு வருகிறார். தூக்கம் தானாக நிகழ வேண்டிய ஒன்று. அதைக் கவனிக்க ஆரம்பித்து, வர வேண்டும் என்று எண்ணி, அதற்காக முயலவும் செய்தால் அந்தத் தானியக்கம் தடைபடுகிறது என்பது அவர் வாதம். தூக்க விஷயத்தில் முயற்சி திருவினையாக்காது.

மைண்ட்ஃபுல்னஸ் தலையிடும் இடம்

இந்த இரண்டாவது அடுக்குதான் மைண்ட்ஃபுல்னஸின் களம். நடப்பதை நடக்கும்போதே, தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி அது. வேர் பௌத்தத்தில் இருக்கிறது; பாலி மொழியில் உள்ள சதிபட்டான சுத்தா என்ற நூல் அதன் மூல நூல்களில் ஒன்று. ஜான் கபாட்-சின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்து மருத்துவக் கல்லூரியில், மதச் சார்பை நீக்கி எட்டு வார வகுப்பாக அதை வடிவமைத்தார். நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு அது. எம்பிஎஸ்ஆர் என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது.

ஜேசன் ஓங் இதைத் தூக்கமின்மைக்கென்றே மாற்றியமைத்தார். எம்பிடிஐ என்று அதற்குப் பெயர். இதுவும் எட்டு வாரம்தான். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பயிற்சி. அதில் என்ன செய்கிறார்கள்?

1. மூச்சைக் கவனித்து உட்காருதல், கால் விரலிலிருந்து தலை வரை உடலின் ஒவ்வொரு பாகத்தையும் மனதால் தொட்டுச் செல்லுதல், மெதுவாக நடந்தபடி கவனித்தல் போன்ற பயிற்சிகள். எண்ணம் ஓடினால் ஓடியது என்று தெரிந்துகொண்டு திரும்பி வருவதுதான் பயிற்சி. ஓடாமல் பிடித்து வைப்பதில்லை.
2. களைப்புக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தல். உடம்பு அடித்துப் போட்டாற்போல இருப்பது களைப்பு. கண் சொக்கி, இமை கனத்து, படிக்கும் வரியே மறுபடி மறுபடி வருவது தூக்கம். தூக்கமின்மைக்காரர்கள் களைப்பை நம்பிச் சீக்கிரம் படுத்துவிட்டு ஏமாறுகிறார்கள். தன் உடலைக் கவனித்துப் பழகியவருக்கு இந்த இரண்டையும் பிரிக்க வரும்.
3. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்துவிடுவது, படுக்கும் நேரத்தைச் சுருக்குவது என்ற நடத்தை விதிகள். இவை தியானத்திலிருந்து வந்தவை இல்லை, பழைய நடத்தைச் சிகிச்சையிலிருந்து எடுத்துக்கொண்டவை.
4. ஒரு மோசமான இரவுக்கு மறுநாள் பகலை எப்படி நடத்துகிறோம் என்பதைக் கவனித்தல்.

இவற்றோடு ஒரு விதியும் உண்டு: தூக்கத்தை வரவழைக்கும் கருவியாகத் தியானத்தைப் பயன்படுத்தக் கூடாது. பயிற்சிக்குப் பகலிலோ மாலையிலோ நேரம் ஒதுக்க வேண்டும். காதில் இயர்போனோடு படுத்துக்கொண்டு "இப்போ தூக்கம் வருதா, வருதா" என்று பார்த்தபடி செய்தால், தூங்குவதற்கான முயற்சிகளின் பட்டியலில் தியானமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடத் தூக்கக் காணொலிகளின் அடிப்படைக் கோளாறு இதுதான். இனிமையான குரலைக் கேட்டுத் தூங்கிப்போனால் நல்லதுதான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மூன்று வருடமாகத் தூங்காதவருக்கு அது சிகிச்சை ஆகாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

சாதகமானவற்றை முதலில் பார்ப்போம்.

ஓங் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 54 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எம்பிஎஸ்ஆர், ஒன்றுக்கு எம்பிடிஐ, மூன்றாவது பிரிவுக்குத் தூக்க நாட்குறிப்பு எழுதும் வேலை மட்டும். தியானப் பிரிவுகளில் இரவில் விழித்துக் கிடந்த நேரம் சுமார் 44 நிமிடம் குறைந்தது. நாட்குறிப்பு எழுதியவர்களிடம் மாற்றமே இல்லை எனலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எம்பிடிஐ பிரிவில் பாதிப் பேர் நோய் நீங்கிய நிலையில் இருந்தார்கள்.

2015-ல் அமெரிக்காவில் சராசரியாக 66 வயதுள்ள 49 பேரிடம் நடந்த ஆய்வு இன்னொன்று. ஆறு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்குப் போனவர்களின் தூக்கக் குறியீட்டு எண் 10.2-லிருந்து 7.4-ஆக இறங்கியது. தூக்கச் சுகாதார வகுப்புக்குப் போனவர்களுக்கு 10.2-லிருந்து 9.1. எண் குறைந்தால் தூக்கம் மேம்பட்டது என்று பொருள். மேம்பாடு உண்மை, ஆனால் அந்த அளவுகோலில் 5-க்கு மேல் போனாலே தூக்கம் சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது முன்னேறினார்கள், முழுக்கக் குணமாகவில்லை.

கனடாவின் கால்கரியில் புற்றுநோயாளிகள் 111 பேரிடம் நடந்த ஒப்பீடு, 2014-ல் வெளியானது, இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே மைண்ட்ஃபுல்னஸ் சும்மா இருப்பவர்களோடு போட்டியிடவில்லை. தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையோடு, சிபிடி-ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படுவதோடு, மோதியது. சிகிச்சை முடிந்த உடனே சிபிடி-ஐ தெளிவாக முந்தியது. சில மாதங்கள் கழித்து மைண்ட்ஃபுல்னஸ் ஏறக்குறைய அதை எட்டிப் பிடித்தது. மெதுவாக, ஆனால் நின்று வேலை செய்கிறது என்ற படம் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

இனி குளிர்ந்த தண்ணீர். 2019-ல் 18 ஆய்வுகளை, மொத்தம் 1,654 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுவான நலக் கல்வி போன்றவற்றோடு ஒப்பிட்டால் மைண்ட்ஃபுல்னஸுக்கு மிதமான பலன் தெரிந்தது. நிரூபணமான தூக்கச் சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் அது மேலானது என்று காட்ட முடியவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. மனச்சோர்விலிருந்து ஓரளவு மீண்டவர்களிடம் வில்லோபி பிரிட்டன் குழு 2010-ல் தூக்க ஆய்வகத்தில் மூளை அலைகளைப் பதிவுசெய்தது. எட்டு வாரத் தியானத்துக்குப் பின் அவர்கள் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். கருவியோ விழிப்புகள் கூடியிருப்பதாகவும் தூக்கம் லேசாகியிருப்பதாகவும் காட்டியது. அதிகம் பயிற்சி செய்தவர்களிடம் இது அதிகம். தியானம் விழிப்பைக் கூர்மையாக்கும் பயிற்சி என்பதை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சரி, யாரை நம்புவது, ஆளையா கருவியையா? தூக்கமின்மையை மருத்துவர்கள் கண்டறிவதே நோயாளி சொல்வதை வைத்துத்தான், ஆய்வகப் பதிவை வைத்து இல்லை. அதனால் ஆள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஆனால் "தியானம் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டும்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் சிகிச்சை எது

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதல் சிகிச்சை சிபிடி-ஐ, மாத்திரை அதற்கு அடுத்துதான் என்று சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது.

சிபிடி-ஐ-யின் முக்கியமான ஆயுதம் படுக்கை நேரத்தைச் சுருக்குவது. முன்னே பார்த்த மனிதரையே எடுத்துக்கொள்வோம். பதினொரு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார். இனிமேல் படுக்கையில் ஐந்தரை மணி நேரம் மட்டுமே அனுமதி: இரவு 12 மணிக்குப் படுக்க வேண்டும், 5.30-க்கு எழ வேண்டும், மதியத் தூக்கம் கிடையாது. முதல் வாரம் கொடுமைதான். ஆனால் தூக்க அழுத்தம் மளமளவென்று சேரும். படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும் பதினைந்து நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள்.

இந்த இரண்டு சிகிச்சைகளும் வேறு வேறு இடத்தைத் தொடுகின்றன. ஒன்று தூக்க அழுத்தத்தைத் திருப்பிக் கட்டுகிறது. மற்றொன்று தூக்கத்தோடு நடக்கும் மல்லுக்கட்டைத் தளர்த்துகிறது. எம்பிடிஐ இரண்டையும் சேர்த்துக்கொண்டதன் காரணம் இதுதான். என் கணிப்பில், படுக்கை நேரத்தைத் தொடாமல் தியானத்தை மட்டும் நம்புபவர் பாதி மருந்துதான் சாப்பிடுகிறார். நம் ஊரில் சிபிடி-ஐ தெரிந்த உளவியலாளர் பெருநகரங்களுக்கு வெளியே கிடைப்பது கஷ்டம், தியான வகுப்போ தெருவுக்குத் தெரு உண்டு. அதனால் இந்தப் பாதி மருந்துதான் பலருக்கும் கிடைக்கிறது.

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருப்பது போன்ற விபாசனா தியான மையங்களின் பத்து நாள் முகாமையும் சிலர் இதற்கு மாற்றாக நினைக்கிறார்கள். அங்கே காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், நாள் முழுக்க மௌனம். நோக்கம் ஆன்மிகப் பயிற்சி. மருத்துவச் சிகிச்சைக்கு இது மாற்றல்ல என்று அவர்களின் விதிமுறையே சொல்கிறது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க

அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் தியானம் தொடங்கிய உற்சாகத்தில் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், பதற்றம் கூடும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரை தொடரும்போதே பயிற்சியைத் தொடங்கலாம், அதில் தவறில்லை.

யாருக்கு இது பொருந்தாது

1. உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம். இது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். எவ்வளவு தியானம் செய்தாலும் அடைபடும் மூச்சுக்குழல் திறக்காது. பரிசோதனை செய்தாக வேண்டும்.
2. படுத்ததும் காலில் குடைச்சல், அசைத்தால்தான் நிம்மதி. இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம், அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.
3. இருதுருவ மனநோய் உள்ளவர்கள். படுக்கை நேரத்தைச் சுருக்குவது அவர்களுக்கு மிகையுற்சாக நிலையைத் தூண்டிவிடக்கூடும்.
4. கடும் அதிர்ச்சியை அனுபவித்தவர்கள், மனப்பிறழ்வு வந்தவர்கள். கண்ணை மூடி உள்ளே கவனிப்பது சிலருக்குப் பழைய காட்சிகளைக் கிளறிவிடும். மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.
5. ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குச் சிக்கல் மனதைவிடக் கடிகாரத்தில் அதிகம்.

தொடங்குபவர்களுக்கு

எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கும் இது பொருந்தும். பயிற்சியை மாலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். முதலில் பத்து நிமிடம் போதும். இரவில் விழிப்பு வந்தால் மணி பார்க்கும் வழியை அடைக்க வேண்டும்: போன் வேறு அறையில், கடிகாரம் சுவரைப் பார்த்து. தூங்க முடியாமல் மனம் முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம்.

பலனை அளக்கத் தூக்கத்தைக் காட்டும் கைக்கடிகாரங்களை நம்ப வேண்டாம். அவை தரும் மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி, அந்த நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்தார்கள். ஒரு நோட்டுப் போதும். காலையில் எழுந்ததும் படுத்தது எத்தனை மணி, எழுந்தது எத்தனை மணி, சுமாராக எவ்வளவு தூங்கினோம் என்று மூன்று எண்கள். ஒவ்வொரு இரவையும் எடைபோடாமல் வாரச் சராசரியை மட்டும் பார்க்க வேண்டும். எட்டு வாரம் ஆகியும் சராசரி நகரவில்லை என்றால் அந்த நோட்டோடு தூக்கம் அல்லது மனநலத் துறை மருத்துவரைப் பார்க்கலாம். அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளுக்கான பதில் அதிலேயே இருக்கும்.